பேத்தியிடம் சொல்லத்தான் வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'குடும்ப ரகசியத்தைப் பாட்டி தன் வளர்ந்த பேத்தியிடம் சொல்ல வேண்டுமா, தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டுமா?' சொல்லத்தான் வேண்டும் என்ற அணியில் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர், "ஆறிப்போன புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். ஆறிவிட்டதா ஐயா? ஒரு பெயரை எடுத்தாலே வீட்டில் எல்லோரும் அவசரமாகப் பேச்சை மாற்றுகிறார்களே! மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளரும் குழுவினரும் ரகசியங்களைப் பற்றி ஆராய்ந்து 2017-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்தவர் முன்னால் மறைக்கும் நேரத்தைவிட, தனியாக இருக்கும்போது அதே நினைப்பு திரும்பத் திரும்ப வருவதுதான் ஆளை அதிகம் வாட்டுகிறதாம். வயதான பாட்டிக்குத் தனிமைக்கா பஞ்சம்?

சரி, மகளிடம் சொல்லலாமே, ஏன் பேத்தி? மகள் அந்தக் கதைக்குள்ளேயே வளர்ந்தவள். உனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்தது, அதைத் தத்துக் கொடுத்துவிட்டேன் என்று அம்மா சொன்னால், "என்னிடம் ஏன் இத்தனை நாள் மறைத்தாய்?" என்றுதான் அவளுக்கு முதலில் கேட்கத் தோன்றும். பேத்தி ஒரு தலைமுறை தள்ளி நிற்கிறாள். "அப்போ உனக்கு என்ன வயசு பாட்டி?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியை வேறு யார் கேட்டார்கள் அந்தக் கிழவியிடம்?

அப்புறம், உடம்பு. 'ஏதோ காய்ச்சலில் போய்விட்டாள்' என்று மூடி மறைத்த தங்கையின் சாவு, மார்பகப் புற்றுநோயாக இருந்தால்? பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் அந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு அந்தக் கோளாறு இருந்தால், அது பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று மருத்துவர் கேட்பது ஊர்வம்புக்கா?

"பேத்தி தலையில் பாரத்தை ஏற்றலாமா?" என்றார் எதிரணி அம்மையார். நியாயமான கேள்வி. ஆனால் பாட்டிமார் சிலர் ரகசியத்தோடு சத்தியமும் வாங்கிக்கொள்கிறார்கள்: "உன் அம்மாவுக்குத் தெரியவே கூடாது." பேத்தியை அழுத்துவது அதுதான். தினமும் அம்மா முகத்தைப் பார்த்து அவள் நடிக்க வேண்டும். சொல்லுங்கள் பாட்டி, சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். ரகசியம் உயிரோடு இருக்கும் இன்னொருவருடையது என்றால், அவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள். இதை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன், மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு எச்சிலைக் குப்பியில் பிடித்து மரபணுச் சோதனை நிறுவனத்துக்கு அனுப்பினால், அதே சோதனையைச் செய்துகொண்ட உறவினர்களின் பட்டியல் வந்துவிடுகிறது. இதுவரை கேள்வியே படாத ஒரு மாமா அதில் வந்து நிற்பார். பேத்தி யாரிடம் ஓடுவாள்? பாட்டி இருந்தால் பாட்டியிடம். பாட்டி போய்ச் சேர்ந்திருந்தால்? எதிரணியினர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, அமர்கிறேன்.