பக்கத்து வீட்டில் அடி விழுகிறது, ஆம்பளை நான் போய்க் கேட்கலாமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆனால் நேரம் எடுத்துப் பேச வேண்டிய கேள்வி. திருப்பூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். பனியன் கம்பெனியில் வேலை, லைன் வீட்டில் குடியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு ராத்திரி அந்த அம்மாவுக்கு அடி. பாத்திரம் உருளுகிற சத்தம், குழந்தை வீறிடுகிற சத்தம், அப்புறம் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு விசும்புவது வரை எல்லாம் கேட்கிறது என்கிறார். அவர் கேட்பது இதுதான்: "நான் போய்க் கேட்டால், 'என் பொண்டாட்டிய நான் அடிக்கிறேன், உனக்கு எதுக்கு வலிக்குது, உனக்கும் அவளுக்கும் என்ன'ன்னு கேப்பான். அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்த அக்காவுக்கு இன்னும் ரெண்டு அடி சேர்த்து விழும், என் வீட்டிலும் சண்டை வரும். அதுக்காகக் கேட்டும் கேட்காத மாதிரி படுத்திருக்கவும் முடியல. என்ன செய்யட்டும்?"

தம்பி, உங்கள் பயம் நியாயமான பயம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு ஆண் இன்னொருத்தன் மனைவிக்காகப் பேசினால் முதலில் விழுகிற கேள்வியே அதுதான். எதிராளியின் வாயை அடைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது, அதனால்தான் அதை எடுக்கிறார்கள். அந்தப் பேச்சு எழாதபடிக்கு எப்படிப் போவது என்று யோசிக்கலாமே தவிர, அந்தப் பேச்சு வரும் என்பதற்காகப் போகாமலே இருந்துவிடக் கூடாது. ஏனென்றால் அவனுக்குத் தைரியம் கொடுப்பது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற அமைதிதான். லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம் இருந்தால் எட்டு வீட்டுக்கும் கேட்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

2008-ல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு டெல்லியிலிருந்து ஒரு பிரச்சாரம் தொடங்கியது, 'பெல் பஜாவ்' என்று, அதாவது மணியை அடி. டிவியில் சின்னச் சின்ன விளம்பரமாக வந்தது. ஒன்றில் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருப்பார்கள், ஒரு வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்கும், ஒரு பையன் போய் பெல் அடிப்பான். கதவு திறந்ததும் பந்து உள்ளே வந்துவிட்டதா என்று கேட்பான், பந்து அவர்கள் கையிலேயே இருக்கும். அவ்வளவுதான். அந்த ஆள் முகத்தில் ஒரு மாற்றம் வரும், கேட்டுவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிடும். ஆண்களைப் பார்த்து, ஆண்களுக்காகவே எடுத்த விளம்பரங்கள் அவை. சண்டை போடு என்றோ புத்தி சொல் என்றோ அவை சொல்லவில்லை. கையை ஓங்கியவனை அந்த நிமிஷத்தில் நிறுத்து, அதற்கு ஒரு சாக்குப் போதும் என்றுதான் காட்டின.

உங்கள் லைன் வீட்டில் சாக்குக்கா பஞ்சம்? பொது மோட்டார் இருக்கும், பொது வாசல் இருக்கும். "அண்ணா, மோட்டார் போட்டீங்களா, தண்ணி வரல", "அண்ணா, வண்டிய கொஞ்சம் நகத்துங்க", இப்படி ஏதோ ஒன்று. கதவைத் தட்டி, அவர் வெளியே வருகிற வரை நில்லுங்கள், இரண்டு நிமிஷம் பேச்சை இழுங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் அந்த லைனிலேயே மூத்த ஒரு அக்கா இருப்பார், எல்லா வீட்டுச் சமாச்சாரமும் தெரிந்தவர், யாரையும் அதட்டக் கூடியவர், அவரைக் கூப்பிடுங்கள். ஒரு பெண் உடன் நின்றாலே 'உனக்கும் அவளுக்கும் என்ன' என்ற பேச்சு பாதி செத்துவிடும். கதவை உடைப்பது, அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்துவது, இதெல்லாம் வேண்டாம். நீங்கள் அடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், அந்த அடியை அவன் உள்ளே போய் அந்த அம்மா மேல்தான் இறக்குவான். கத்தி, அரிவாள் என்று கையில் எடுத்திருக்கிறான், அல்லது அந்த அம்மா உயிர் போகிற மாதிரி கத்துகிறார் என்றால் சாக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே 112-க்கோ 100-க்கோ அடியுங்கள், லைனில் இருக்கிற எல்லாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

சரி, அன்றைக்கு ராத்திரி நின்றுவிட்டது. அடுத்தது என்ன?

முதலில் அந்த அம்மாவிடம் பேச வேண்டும், அதை நீங்கள் செய்யக் கூடாது, உங்கள் மனைவி செய்யட்டும். அவர் புருஷன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, குழாயடியிலோ மாடியில் துணி காயப்போடும்போதோ பேசட்டும். "ஏன் இன்னும் இவனோட இருக்கீங்க"ன்னு கேட்க வேண்டாம், அந்தக் கேள்வி குத்தும். "எங்களுக்குக் கேக்குது அக்கா, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, நாங்க இருக்கோம்" என்றால் போதும். முதல் நாளே அவர் வாயைத் திறப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். மத்திய அரசு எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019-21-ல், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்குச் சுமார் 38 பேர் கணவனிடம் வன்முறை அனுபவித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் பார்த்தால், வன்முறைக்கு ஆளான பெண்களில் 100-க்கு 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்கவே இல்லை. சொன்னால் அம்மா வீட்டில் 'அனுசரிச்சுப் போம்மா' என்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் சட்டம். இது பல பேருக்குத் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 4-வது பிரிவு உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும். வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் இருக்கிற எவரும் பாதுகாப்பு அலுவலரிடம், அதாவது இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கிற அதிகாரியிடம், தகவல் சொல்லலாம். பாதிக்கப்பட்ட பெண்தான் வர வேண்டும் என்றில்லை, சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன தகவலுக்காக உங்கள் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் எங்கே இருப்பார் என்றால், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அவசரமாக இருந்தால் போனில் தகவல் கொடுத்தாலும் அவர் போலீஸ் துணையோடு அந்த வீட்டுக்கே போக வேண்டும் என்று விதி சொல்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 181, பெண்கள் உதவி எண், எந்த நேரமும் அடிக்கலாம், என்ன செய்வது என்று அவர்களே வழி சொல்வார்கள்.

அந்த அம்மாவுக்கு இருக்கிற பெரிய பயம், 'புகார் கொடுத்தா வெளிய போடின்னு துரத்திடுவான், பிள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போவேன்' என்பது. அதற்கும் இந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடாகவே இருந்தாலும், அங்கே குடியிருக்க அவருக்கு உரிமை உண்டு. மாஜிஸ்ட்ரேட் நினைத்தால் வேறு வீடு பார்த்துக் கொடு, வாடகையை நீ கட்டு என்று அந்த ஆளுக்கு உத்தரவு போடலாம். அடிக்கக் கூடாது, பக்கத்தில் போகக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை வாங்கினால், அதை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை. வக்கீல் வைக்கப் பணம் வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அடித்தால் விவரம் கிடைக்கும். இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்கள் மனைவி கையில் கொடுங்கள். அந்த அம்மாவின் போனில் அனுப்பாதீர்கள், அந்த போனை அவன் நோண்டுவான்.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது, எல்லா இடத்திலும் இதே வேகத்தில் நடக்கிறதா என்றால் இல்லை. ஸ்டேஷனில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, அவனிடம் 'இனிமே செய்ய மாட்டேன்'னு எழுதி வாங்கி அனுப்பிவிடுவது நிறைய நடக்கிறது. வழக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் ஒரு இடத்தில் வந்து தடுக்கும், நான் வழக்கறிஞராக இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சாட்சி கிடைக்காது. நாலு சுவருக்குள் நடந்தது, அடித்தவன் நான் அடிக்கவே இல்லை என்கிறான், அடிபட்டவர் சொல்வது மட்டும்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது புருஷன் பக்கத்திலேயே நிற்கிறான், அந்த அம்மா 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்'னு சொல்லிவிடுகிறார், விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடுகிறது, பிறகு அதையே எடுத்து வைத்து எதிர்த்தரப்பு வாதாடும். அந்த லைனில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருத்தர் வந்து சொன்னால் வழக்கே வேறு மாதிரி போகும். வரமாட்டார்கள். 'எங்களுக்கு எதுக்குங்க வம்பு' என்பார்கள். இதில் எனக்கு ஆண்கள் மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் பல வீட்டில் பெண்கள் வரத் தயாராக இருப்பார்கள், 'நீ கோர்ட்டு கேஸுன்னு அலையாத' என்று தடுப்பது அந்த வீட்டு ஆண்தான்.

அதனால் தம்பி, ஆம்பளையாக நான் என்ன செய்யட்டும் என்று கேட்டீர்களே, என்னுடைய பதில் இது: சாட்சியாக இருங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன கேட்டது, யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். வீடியோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள், அந்த அம்மாவுக்கு அது இன்னொரு அவமானம். காயம் பட்டு ஜி.ஹெச்சுக்குப் போகிறார்கள் என்றால் ஆட்டோ பிடித்து நீங்களும் உங்கள் மனைவியும் கூடப் போங்கள். அவனை வெளியே சீட்டு எழுதுகிற இடத்தில் பேச்சுக் கொடுத்து நிறுத்திக்கொள்வது உங்கள் வேலை, உள்ளே அந்த அம்மாவோடு நிற்பது உங்கள் மனைவி வேலை. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல அந்த இரண்டு நிமிஷம் கிடைத்தால் போதும். நாளைக்குப் பாதுகாப்பு அலுவலர் வந்து கேட்டால், கோர்ட்டில் கூப்பிட்டால், 'ஆமாங்க, கேட்டேன்' என்று போய்ச் சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போகும், அவன் முறைப்பான், லைனில் நாலு பேர் பேசுவார்கள். அதைத் தாங்குவதைத்தான் நான் எதிர்த்து நிற்பது என்கிறேன்.

கனடாவில் மாண்ட்ரியல் நகரில் 1989 டிசம்பர் 6-ந் தேதி ஒருவன் பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு போய், பெண்களைத் தனியாகப் பிரித்துச் சுட்டான். 14 பெண்கள் செத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அந்த நாட்டு ஆண்கள் சில பேர் சேர்ந்து வெள்ளை ரிப்பன் இயக்கம் என்று தொடங்கினார்கள், இன்றைக்குப் பல நாட்டில் இருக்கிறது. அதில் ஆண்கள் எடுக்கிற உறுதிமொழியில் மூன்று விஷயம் வரும்: பெண்கள் மேல் வன்முறை செய்ய மாட்டேன், அதைச் சரியென்று ஒப்ப மாட்டேன், அதைப் பார்த்து வாய் மூடி இருக்க மாட்டேன். முதல் இரண்டையும் நாம் எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுவோம். நான் என் பொண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்கிற ஆண்கள் ஏராளம். மூன்றாவதில்தான் எல்லாரும் நழுவுகிறோம்.

நழுவுகிற இடம் வேறு எங்கேயும் இல்லை, டீக்கடைதான். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார், 'நேத்து நல்லா ரெண்டு வெச்சேன், இப்பதான் அடங்குனா' என்பார், கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அடுத்த சனிக்கிழமைக்கு அவருக்குக் கிடைக்கிற அனுமதி. அங்கே நீங்கள் பெரிதாகப் பேச வேண்டாம். "இதுல சிரிக்க என்னண்ணா இருக்கு, குழந்தை கத்துனது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு, எனக்குத் தூக்கமே வரல" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். இன்னொருத்தர் கண்டிப்பாகத் தலையாட்டுவார், அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். குடித்துவிட்டால் இப்படித்தான், போதையில் தெரியாமல் செய்கிறேன் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். எவ்வளவு போதையிலும் அவர் கம்பெனி சூப்பர்வைசரைக் கை நீட்டுவதில்லை. குடிக்கு வைத்தியம் தனியாகப் பார்க்கட்டும், அடி நிற்பதற்கு அதற்காகக் காத்திருக்க முடியாது.

உங்கள் கேள்வியில் கடைசியாக ஒரு வரி இருந்தது. ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான், அவனும் இந்தச் சத்தத்தைக் கேட்கிறான், 'ஏம்ப்பா அந்த மாமா அத்தைய அடிக்கிறாரு'ன்னு கேட்டான், நான் தூங்குடான்னு சொல்லிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அடுத்த தடவை கேட்டால், மாமா செய்வது தப்பு, அத்தை மேல் எந்தத் தப்பும் இல்லை, அப்பாவும் அம்மாவும் போய் நிறுத்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், நீங்கள் போவதை அவன் பார்த்தால் போதும்.

இன்றைக்கு என்ன கிழமை, புதன். சனிக்கிழமைக்குள் உங்கள் மனைவியிடமும் அந்த லைனில் இருக்கிற மூத்த அக்காவிடமும் பேசி, சத்தம் கேட்டால் யார் முதலில் எழுவது, யார் தட்டுவது, குழந்தையை யார் தூக்கிக்கொண்டு வருவது என்று முடிவு செய்து வையுங்கள்.