மஞ்சள் பையில் வந்த ஜிங்கோ

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு அம்மா, மறதிநோய் வந்த தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் பையிலிருந்து மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், கடைசியாக மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஜிங்கோ டப்பா. "இலைச் சாறுதானே டாக்டர், இதைக் கொடுத்தால் அத்தைக்கு ஞாபகம் திரும்புமா?" என்று கேட்டார்.

ஜிங்கோ சீனத்து மரம், இலை விசிறி மாதிரி இருக்கும். 1997இல் அமெரிக்காவில் மறதிநோயாளிகளுக்கு அதன் சாற்றை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். நினைவையும் யோசிக்கும் திறனையும் பார்க்கும் 70 புள்ளி சோதனையில் ஜிங்கோவுக்குச் சாதகமாகக் கிடைத்த வித்தியாசம் 1.4 புள்ளி. வீட்டார் கொஞ்சம் தேவலை என்றார்கள், மருத்துவர்களின் மதிப்பீட்டில் மாற்றமில்லை. 2008இல் லண்டனில் 176 பேரிடம் ஆறு மாதம் பார்த்தபோது பலன் தெரியவில்லை. தினம் 240 மில்லிகிராம் கொடுத்த சில ஆய்வுகளில் பலன் வந்திருக்கிறது. இப்படி ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால்தான் எனக்குத் தயக்கம்.

சரி, வராமலாவது தடுக்குமா? அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் ஜிங்கோ, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. ஏன் இவ்வளவு மறைப்பு? இந்த நோயில் நல்ல நாளும் வரும், மோசமான நாளும் வரும். மாத்திரை தொடங்கிய வாரத்தில் பாட்டி பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் நமக்கு உயிரே வந்துவிடும், மாத்திரைதான் காரணம் என்று சத்தியமே செய்வோம். நம் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணிப் பார்க்கத்தான் அந்த மறைப்பு.

சுமார் ஆறு வருடம் கழித்து எண்ணினார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 246 பேருக்கு மறதிநோய் வந்திருந்தது. ஜிங்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது, ஜிங்கோ கெடுத்தது என்று அர்த்தமில்லை. ஆனால் தடுக்கவில்லை. பிரான்சில் ஐந்து வருடம் நடந்த ஆய்விலும் தடுத்ததாக நிரூபணமாகவில்லை.

அந்த டப்பாவை நிறுத்தச் சொன்னேன். வார்ஃபரினோடு ஜிங்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. வீட்டில் இரண்டும் இருப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், அத்தைக்கு தைராய்டும் பி12 சத்தும் பார்த்தீர்களா என்று கேட்டேன். இரண்டில் எது குறைந்தாலும் மறதி வரலாம், அதற்கு மருந்து இருக்கிறது. யாரும் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கே ரத்தம் எடுத்தோம். பி12 மிகக் குறைவு. இப்போது ஊசி போய்க்கொண்டிருக்கிறது.