ஃபைபர் கதவில் பழைய பெயின்ட்

வணக்கம் நேயர்களே. கோவையில் முப்பது வருடமாக வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கார்களின் ஃபைபர் கதவில் பழைய பெயின்டை எப்படி எடுப்பது என்று பேசச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நான் கெடுத்த ஒரு கதவுதான்.

1980களில் பெங்களூரில் சிபானி டால்ஃபின் என்று ஒரு சின்ன கார் தயாரானது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை வைத்துச் செய்த வண்டி. 848 சிசி இன்ஜின், பக்கத்துக்கு ஒரு கதவு, உடம்பு ஃபைபர். துரு என்ற பேச்சே கிடையாது. நான் தொழில் தொடங்கிய புதிதில் அப்படி ஒன்று பட்டறைக்கு வந்தது. இரும்புக் கதவுக்குச் செய்வது போலவே பெயின்ட் ரிமூவரைத் தாராளமாகத் தடவிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து தகட்டால் சுரண்டினால் பெயின்ட் வழித்துக்கொண்டு வந்தது. கூடவே கதவும் வந்தது. டீயில் நனைத்த பிஸ்கட் போல மேல்பரப்பு பொதபொதவென்று ஆகியிருந்தது.

காரணம் எளிது. அந்த ரிமூவரில் இருந்தது மெத்திலீன் குளோரைடு. அது இரும்பை ஒன்றும் செய்யாது. ஃபைபர் கதவோ கண்ணாடி நாரைப் பாலியஸ்டர் ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுக்கியது. அந்த ரசாயனத்துக்குப் பெயின்டும் ஒன்றுதான், ரெசினும் ஒன்றுதான். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டாம் என்பதும் இதனால்தான். சூட்டில் ரெசின் இளகிக் கதவு வளையும். மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் பிளாஸ்டிங் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஓட்டை விழும்.

அப்புறம் எப்படித்தான் எடுப்பது? கையால், பொறுமையாக. முதலில் கைப்பிடி, ஓரத்து ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மெழுகும் எண்ணெயும் போகத் துடைக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் தேய்க்கும் உப்புப் பேப்பரே அந்த மெழுகைக் கீறலுக்குள் தள்ளிவிடும். பிறகு ஓர் ஓரத்தில் தின்னர் நனைத்த துணியால் ஒரு தேய். துணியில் கலர் ஒட்டினால் அநேகமாகப் பழைய என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். ஒட்டவில்லையென்றால் பியு எனும் பாலியூரித்தேன் போன்ற கெட்டி சமாச்சாரம். தின்னர் வேலை அந்தச் சோதனையோடு சரி, கதவை அதில் ஊறப்போடாதீர்கள்.

நாலைந்து முறை பெயின்ட் அடித்துத் தடித்துப்போன கதவாக இருந்தால், விளிம்பு மழுங்கிய பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினாலே பொருக்குப் பொருக்காக உதிரும். மிச்சத்துக்கு 180 நம்பர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். முடிவில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 320 வாட்டர் பேப்பர்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. தேய்க்கும்போது வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள். மேல் கலர் போய், அடிப்பூச்சான பிரைமரின் சாம்பல் நிறம் போய், வேறொரு நிறம் ஒரே சீராக வந்து, லேசாக ரெசின் வாடை அடித்தால் ஜெல்கோட்டுக்கு வந்துவிட்டீர்கள். கதவின் தோல் அது. அரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் பெரிது. சொல்லப்போனால், பழைய பிரைமர் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைக்கூட விட்டுவிடலாம் என்பதுதான் என் கட்சி. இரும்பில் பழகிய பையன்கள் கதவு மொட்டையாகும்வரை தேய்த்துவிட்டு, நார் தெரிந்ததும் முழிப்பார்கள்.

நார் தெரிந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. உறிஞ்சிக்கொள்ளும், பின்னாளில் புதுப் பெயின்டில் கொப்புளமாகக் கிளம்பும். அங்கே மட்டும் உலர்வாகத் தேய்த்து, ரெசின் தடவி மூடுங்கள். கைப்பிடிப் பள்ளத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வெடிப்பு இருந்தால் அதைக் கீறித் திறந்து பட்டி வையுங்கள். மேலே அடித்து மறைத்தால் சில மாதத்தில் அதே வலை அதே இடத்தில் தெரியும். வேலை முடிந்த கதவை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம் எபாக்சி பிரைமர்.

மூக்குக்குக் கைக்குட்டை கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூளைச் சாப்பாட்டுத் தூக்கு பக்கம் பறக்கவிடாதீர்கள். நார்த்தூள் பட்டு உடம்பு அரித்தால் சொறியாமல் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். பட்டறைச் சட்டையை வீட்டுத் துணியோடு போடக்கூடாது. ஒருதடவை நான் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இரண்டும் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டு வந்தன. அன்றிலிருந்து என் சட்டைக்கு வீட்டில் தனி வாளி.