ஓடும் தீயும் நிற்கும் தீயும்

(காரைக்குடியில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவனைக் கூப்பிட்டு, பெருந்தீயைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இலங்கை எரிந்த கதையை ஆண்டுதோறும் மேடை போட்டுக் கேட்கிற ஊர் இது. இங்கே தீயைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் பேசுகிறேன்.

பிளேஸ் என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம். கொழுந்துவிட்டு எரியும் எந்தப் பெரிய நெருப்பும் பிளேஸ்தான். சின்ன வார்த்தை, பத்திரிகைத் தலைப்பில் அடங்கும்.

கான்ஃபிளக்ரேஷன் அப்படியில்லை. அகராதியில் பெருந்தீ என்று போட்டிருக்கும். எங்கள் தொழிலில் அதற்குக் கறாரான பொருள் உண்டு. தெருவையும் சுவரையும் தாண்டி, காற்று போகிற பக்கம் நகர்ந்துகொண்டே போகும் தீ அது. கூரை வீடுகள் நெருங்கிய தெருவில் இதன் குட்டியைப் பார்க்கலாம். கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி, மூங்கில் டப் டப்பென்று வெடிக்கும். எரிகிற கீற்று ஒன்று அப்படியே எழும்பி நாலு வீடு தள்ளி விழும். அந்த நேரத்தில் எரிகிற வீட்டுக்குத் தண்ணீர் அடித்தால் மட்டும் போதாது. இன்னும் பற்றாத வீட்டின் கூரையைப் பிரித்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் மண்ணை வாரித் தூற்றுவார். தூற்றட்டும்.

1666 செப்டம்பரில் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீயும் இந்த ரகம்தான். வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்க மேயர் தயங்கினார். கிழக்குக் காற்று காத்திருக்குமா? கடைசியில் வெடிமருந்து வைத்தே வீடுகளைத் தகர்த்தார்கள். ஏறத்தாழ 13,200 வீடுகள் போய்விட்டன. பெரும்பாலும் மர வீடுகள். மரம் என்றதும் உங்கள் வீட்டுப் பர்மா தேக்குத் தூணுக்காகப் பயப்படாதீர்கள். பருத்த தூண் சட்டென்று எரியாது. மேலே கரி கட்டிக்கொண்டு உள்ளிருக்கும் வைரத்தைக் காப்பாற்றும்.

ஃபயர்ஸ்டார்ம் நகராது. நின்ற இடத்தில் எரிந்து, சூட்டில் காற்று மேலே கிளம்ப, அந்த வெற்றிடத்துக்கு நாலா பக்கமிருந்தும் காற்றை இழுக்கும். 1943 ஜூலையில் குண்டுவீச்சுக்குப் பின் ஹாம்பர்க்கில் நடந்தது இது. அந்தக் காற்று தெருவில் ஓடிய மனிதர்களைத் தீக்குள்ளேயே இழுத்தது. நிலவறைகளில் பதுங்கியவர்கள் தீ தொடாமலே மூச்சுத் திணறிச் செத்தார்கள். இரண்டையும் ஒரே மாதிரி ‘பயங்கரத் தீ’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

இன்ஃபெர்னோ இத்தாலிய மொழியில் நரகம். உள்ளே போக முடியாத கட்டடத் தீயை அப்படிச் சொல்வார்கள். ஹோலோகாஸ்ட் கிரேக்கத்தில் முழுதும் எரித்துக் கொடுக்கும் பலி. ஒரு காலத்தில் பெருந்தீக்கும் சொன்னார்கள். நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றபின் அது அந்தக் கொடுமையின் பெயராகிவிட்டது. கிடங்கு எரிந்த செய்திக்கு அதைப் போடக்கூடாது.

ஆர்சன் என்பது தீயின் அளவைச் சொல்லாது. வேண்டுமென்றே வைத்தது என்ற குற்றத்தைச் சொல்லும். ஆனால் அரசாங்கமே வைத்தால் வேறு பெயர், ஸ்கார்ச்டு எர்த். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனை நெருங்கியபோது, எண்ணெய் அவர்கள் கைக்குப் போகக்கூடாதென்று சிரியம் சுத்திகரிப்பு ஆலையை பிரிட்டிஷாரே அழித்தார்கள். பர்மா ஆயில் கம்பெனி நஷ்டஈடு கேட்டு வழக்காடி, 1964-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் ஜெயித்தது. அடுத்த ஆண்டே பார்லிமென்ட், பழைய இழப்புக்கும் பொருந்தும்படி ஒரு சட்டம் போட்டு, அந்த நஷ்டஈட்டைக் கிடைக்காமல் செய்துவிட்டது. பர்மாவில் நிலத்தை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்; இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.