பாதிரியார்கிட்ட இருந்த கவர்

எல்லாருக்கும் வணக்கம். மதத் தலைவர்களும் சமாதானமும்னு தலைப்பு குடுத்திருக்காங்க. எல்லா மதமும் அன்பத்தான் சொல்லுதுன்னு ஆரம்பிப்பேன்னு நினைச்சிருப்பீங்க, அதெல்லாம் இல்ல, நேரா வட அயர்லாந்துக்கே போயிருவோம்.

கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டன்ட் ஒரு பக்கம், 30 வருஷத்துல 3,500 பேருக்கு மேல செத்தாங்க. சண்டை சாமியப் பத்தி இல்ல, பிரிட்டனோட இருக்கறதா அயர்லாந்தோட சேர்றதான்னுதான், ஆனா நீ எந்த சர்ச்சுக்குப் போறவன்னு தெரிஞ்சா போதும், எந்தக் கட்சின்னு முடிவு பண்ணிருவாங்க.

1988 மார்ச் 19, பெல்ஃபாஸ்ட். ஐஆர்ஏ, அதாவது அயர்லாந்தோட சேரணும்னு ஆயுதம் எடுத்த கத்தோலிக்கத் தரப்பு இயக்கம், அதோட ஆள் ஒருத்தரோட சவ ஊர்வலத்துக்குள்ள ரெண்டு பிரிட்டிஷ் ராணுவக்காரங்க கார்ல வந்து மாட்டிக்கிட்டாங்க. கூட்டம் இழுத்துப் போட்டு அடிக்குது. அலெக் ரீட்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்து அணைச்சுக்கிட்டாரு, எந்திரிக்கலன்னா உன்னையும் சுடுவோம்னு மிரட்டி இழுத்துவிட்டாங்க. அந்த ரெண்டு பேரையும் ஐஆர்ஏ சுட்டதுக்கு அப்புறம் திரும்ப ஓடிவந்து ஒருத்தர் வாயில வாய் வச்சு மூச்சு குடுத்துப் பாத்தாரு, பொழைக்கல. உதட்டுல ரத்தத்தோட அவர் மண்டி போட்டிருக்கற போட்டோ உலகம் பூரா வந்துச்சு.

போட்டோல தெரியாதது ஒண்ணு இருக்கு. அன்னிக்கு அவர்கிட்ட ஒரு கவர் இருந்துச்சு. ஐஆர்ஏவோட அரசியல் முகமான சின் ஃபெயின், ஆயுதம் வேண்டாம்னு சொன்ன கத்தோலிக்கத் தரப்பு அரசியல் தலைவர் ஜான் ஹியூமுக்கு அனுப்பின பேச்சுவார்த்தை பேப்பர். கவர்ல ரத்தம் பட்டிருச்சு, வேற கவர் மாத்தி கொண்டுபோய்க் குடுத்துட்டாரு. அந்தப் பேச்சு வளந்துதான் 1994ல போர்நிறுத்தம், 1998ல புனித வெள்ளி ஒப்பந்தம்ங்கற சமாதான உடன்படிக்கை. நான் சொல்ல வர்றது இதான்: அவர் பிரசங்கம் பண்ணி யாரும் துப்பாக்கிய கீழ போடல, துப்பாக்கி வச்சிருந்தவன் இவர நம்பினான், அவ்ளோதான், அந்த நம்பிக்கைய வச்சு தபால்காரன் வேலை பாத்தாரு.

2005ல ஐஆர்ஏ ஆயுதங்கள அழிச்சப்போ போட்டோ எடுக்க விடமாட்டோம்னுட்டாங்க. சரி, அப்ப யார் சொன்னா ஊர் நம்பும்? சாட்சியா நின்னது ரீட்டும், ஹெரால்ட் குட்ங்கற மெதடிஸ்ட் போதகரும். அதையும் புராட்டஸ்டன்ட் தரப்புத் தலைவர் இயன் பெய்ஸ்லி ஏத்துக்கல, ஐஆர்ஏ ஒத்துக்கிட்ட ஆளுங்கதானேன்னாரு. பெய்ஸ்லியும் மதத் தலைவர்தான், சொந்தமா ஒரு சர்ச்சே ஆரம்பிச்சவர், பல வருஷம் எரியற தீயில எண்ணெய் ஊத்தினவர்! அவரே 2007ல முன்னாள் ஐஆர்ஏ தளபதி மார்ட்டின் மெக்கின்னஸோட சேந்து ஆட்சி நடத்தினாரு. அதுக்குன்னு ரீட்ட சாமியாக்கிறாதீங்க. அதே 2005ல ஒரு கூட்டத்துல கோவத்துல புராட்டஸ்டன்ட் தரப்ப நாஜிகளோட ஒப்பிட்டுப் பேசிட்டு, அப்புறம் மன்னிப்பு கேட்டாரு.

கடைசியா ஒண்ணு, இது சர்ச்சுகளுக்கு உறுத்தும். குண்டு நின்னுச்சு, ஆனா அங்க பெரும்பாலான பிள்ளைங்க இன்னமும் தனித்தனி ஸ்கூல்லதான் படிக்குது. ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களையும் ஒண்ணா ஒக்கார வைக்க 1981லேயே லகன் காலேஜ்னு 28 பிள்ளைங்களோட ஸ்கூல் தொறந்தாங்களே, அதுக்கு முன்கை எடுத்தது எந்த பிஷப்பும் இல்ல, பெத்தவங்க.