யாருக்கு வலிக்கும், யார் பேசுவார்கள்?

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு மியூசிக், எடிட்டிங் எதுவும் கிடையாது. கேமராவை வைத்துவிட்டு, நம் பழக்கங்களையும் சமூக வழக்கங்களையும் பற்றி நேராகப் பேசப் போகிறேன். ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் என்பதால் பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் நாம் செய்கிற காரியங்களில் எத்தனையை யோசித்துச் செய்கிறோம்? வெண்டி வுட் என்ற உளவியல் ஆய்வாளர் தன் குழுவோடு இதை அளந்தே பார்த்திருக்கிறார். ஆய்வுக்கு வந்தவர்கள் மணிக்கொரு முறை, இப்போது என்ன செய்கிறேன், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதி வைக்க வேண்டும். 2002-ல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் எழுதியவற்றில் ஏறக்குறைய 43 சதவீதம், கிட்டத்தட்ட தினமும் அதே சூழலில் செய்கிற காரியங்கள். அவற்றைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருந்திருக்கிறது.

பல் தேய்ப்பது மாதிரி நல்ல விஷயங்களும் இதில் அடக்கம். ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்வேன் என்றால் காலையில் எழுந்து வாசலைத் தாண்டவே மதியம் ஆகிவிடும். பழக்கம் என்பது மூளை நமக்குச் செய்கிற உதவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உதவி, நமக்குப் பிடிக்காமல் போன பிறகும் நிற்காது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதே வெண்டி வுட் இருந்த குழு 2011-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. சினிமா பார்க்க வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்குப் புதிதாகப் பொரித்தது, சிலருக்கு ஒரு வாரம் பழசு. தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிட்டே ஊறிப்போனவர்கள், பழசையும் புதுசு அளவுக்கே சாப்பிட்டு முடித்தார்கள். பிடிக்கவில்லை என்று அவர்களே சொன்னாலும் கை போய்க்கொண்டேதான் இருந்தது. தியேட்டருக்குப் பதிலாக ஒரு மீட்டிங் அறையில் வீடியோ காட்டியபோது அப்படி நடக்கவில்லை, பழசைக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். அப்புறம் தியேட்டரிலேயே, வழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அப்போதும் பழசு குறைவாகத்தான் உள்ளே போனது. இடமோ கையோ மாறியதும் நாக்கு சொல்வது காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

இதைப் படித்ததும் என் போனில் ஒரு காரியம் செய்தேன். நான் அதிகம் திறக்கிற ஆப்பை முதல் திரையிலிருந்து எடுத்து, கடைசித் திரையில் ஒரு ஃபோல்டருக்குள் போட்டேன். அழிக்கவில்லை, இடத்தை மட்டும் மாற்றினேன். பழைய இடத்தில் கால்குலேட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மணி பார்க்கத்தான் போனை எடுப்பேன். கட்டைவிரல் தானாகக் கீழ் மூலைக்குப் போய்த் தட்டும், திரை முழுக்க எண்கள் வந்து நிற்கும். எதற்குப் போனை எடுத்தோம் என்று ஒரு நொடி ஒன்றுமே புரியாது. அந்த ஒரு நொடி எனக்குப் பெரிய விஷயம். அதற்கு முன்னால், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொள்ள எனக்கு இடைவெளியே இருந்ததில்லை, கேள்வி வருவதற்குள் விரல் வேலையை முடித்திருக்கும். இப்போதும் பல நேரம் கடைசித் திரைக்குப் போய் அந்த ஆப்பைத் திறக்கத்தான் செய்கிறேன். ஆனால் திறப்பது நான்தான் என்று எனக்குத் தெரிகிறது.

நடுவில் ஒன்று. 21 நாளில் பழக்கத்தை மாற்றிவிடலாம் என்று சொல்கிற வீடியோக்களை நம்பி மனம் நொந்து போகாதீர்கள். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தபோது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் வந்தது. சராசரி 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை.

சரி, என் பழக்கம் என் விரலோடு போகிறது. சமூக வழக்கம் அப்படிப் போகாது, அங்கே நாலு பேர் வந்துவிடுகிறார்கள்.

ஒரு மீட்டிங்கை நினைத்துப் பாருங்கள். பேசியவர் முடித்துவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்கிறார். உங்களுக்குப் பாதி புரியவில்லை. சுற்றிப் பார்க்கிறீர்கள், எல்லார் முகமும் தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் தலையை வேறு ஆட்டுகிறார். நமக்கு மட்டும்தான் புரியவில்லை போல என்று நீங்களும் முகத்தைத் தெளிவாக வைத்துக்கொள்கிறீர்கள். இதே நேரத்தில் அந்தப் பக்கத்து ஆள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அதே முடிவுக்கு வந்திருப்பார். நாம் பயப்படுகிற நாலு பேரும் அவரவர் நாலு பேருக்குப் பயந்துகொண்டிருக்கிறார்கள்!

1993-ல் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இருவர், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைப் பார்த்தார்கள். வளாகத்தில் எல்லாரும் குடிக்கிறார்கள், இதில் உனக்குச் சங்கடம் உண்டா என்று கேட்டால், எனக்கு இருக்கிறது, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்கிற மாதிரியே பெரும்பாலும் பதில் வந்தது. அதாவது, பலருக்கும் உள்ளுக்குள் சங்கடமாக இருந்த ஒரு வழக்கம், மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்ற நினைப்பிலேயே நடந்துகொண்டிருந்தது. எனக்கு இது பயமாகவும் இருக்கிறது, நம்பிக்கையாகவும் இருக்கிறது.

நம்பிக்கை ஏன் என்றால், இதற்கு முன்பே 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் ஆய்வாளர் செய்த சோதனை. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள், அவ்வளவுதான், பார்த்தாலே தெரியும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்ட ஆட்கள், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். இப்படிப் பல பேரை வைத்துப் பார்த்ததில், விஷயம் தெரியாமல் வந்தவர்களில் நாலில் மூன்று பங்கு பேர், ஒரு தடவையாவது கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். இந்த இடம் வரைக்கும் நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைச் சரியாகச் சொல்ல வைத்தபோது, கூட்டத்தோடு போவது பெருமளவு குறைந்துவிட்டது. ஒரு ஆள் போதும்.

அப்படியானால் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? எல்லாவற்றையும் உடைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இதை நான் நிறுத்தினால் யாருக்காவது வலிக்குமா, இல்லை யாராவது பேசுவார்களா? வரிசையில் நிற்பதை நிறுத்தினால், பின்னால் நிற்பவருக்கு வலிக்கும். மருத்துவமனையில் குரலைத் தாழ்த்திப் பேசாவிட்டால், படுத்திருப்பவருக்கு வலிக்கும். அந்த வழக்கங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். மெசேஜ் வந்த அடுத்த நிமிடம் பதில் போடாவிட்டால்? அவசரம் எதுவும் இல்லாத பட்சத்தில் யாருக்கும் வலிக்காது, யாராவது பேசலாம், அவ்வளவுதான். லீவு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "சும்மா இருந்தேன்" என்று சொல்ல நமக்கு ஏன் நாக்கு எழ மாட்டேன் என்கிறது? உடனே ஒரு வேலையைத் தேடிப் பிடித்துச் சொல்கிறோம். நாம் சும்மா இருந்ததில் யாருக்கு என்ன நஷ்டம்? பிஸியாக இருப்பவர்தான் முக்கியமானவர் என்ற எண்ணத்தை, பேச்சுக்குப் பேச்சு "பிஸி" என்று சொல்லிச் சொல்லி நாம்தான் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. "யாராவது பேசினால் பேசட்டும்" என்று சொல்ல எல்லாருக்கும் வசதி இல்லை. வேலையில் நேற்று சேர்ந்தவர் வேலை நேரம் முடிந்ததும் கிளம்புவதும், அந்தக் குழுவின் தலைவர் கிளம்புவதும் ஒன்றாகாது. அடுத்தவர் வருமானத்தை நம்பி ஒரு வீட்டில் இருப்பவருக்கு, பேச்சோடு மட்டும் அது நிற்காது. அதனால் "தைரியமாக இரு, மாறு" என்று யாரிடமும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு இழப்பு குறைவோ அவர்கள் முதலில் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் குழுத் தலைவராக இருந்தால், நேரத்துக்குக் கிளம்புங்கள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கிளம்புங்கள். மீட்டிங்கில் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் நீங்கள்தான் என்றால், "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று முதலில் சொல்லுங்கள். ஆஷின் அறையில் இருந்த அந்த ஒரு ஆளாக இருப்பது உங்களுக்குத்தான் சுலபம்.

இந்த வாரம் செய்து பார்க்க ஒன்றே ஒன்று. தினமும் யோசிக்காமல் செய்கிற ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விட வேண்டாம். இடத்தையோ கையையோ நேரத்தையோ மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பிடித்திருந்தால் தொடருங்கள்.

வலியும் பேச்சும் கலந்தே வருகிற இடங்களைப் பற்றி இன்றைக்கு நான் பேசவில்லை. முக்கியமாக, நெருங்கிய சொந்தத்தில் ஒன்றை மறுக்கும்போது உண்மையாகவே அவர்களுக்கு வலிக்கும். அதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாக இருக்காது, அடுத்த வீடியோவில் அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். வருகிறேன்.