மூட்டு மாற்றும் இடத்தைத் தீர்மானிப்பது யார்?

பெரியோர்களே, முழங்கால் மாற்றி நடந்து வருகிறவரைக் கண்டால் "எந்த ஆஸ்பத்திரியில செய்தது?" என்றுதான் கேட்போம். காசு கட்டினது யார், எதற்கெல்லாம் கட்டினார்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் ஏன் போனார் என்பது அப்போது விளங்கும்.

அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலம் 2006இல் எல்லோருக்கும் காப்புறுதி என்று சட்டம் போட்டது. அட்டை கையில் இருந்தாலும் அதை எந்த வைத்தியசாலை ஏற்கும், வழமையாகப் பார்க்கிற வைத்தியர் எங்கே எழுதி அனுப்புவார், அங்கே போய்வர முடியுமா என்பவை பாக்கிதான். கொடுப்பனவு விதி அப்படியல்ல. அது நேரடியாகவே இடத்தை மாற்றும். முதியோருக்கான அமெரிக்க அரச காப்புறுதியான மெடிகெயார், முழங்கால் மாற்றுக்கு வார்ட்டில் அனுமதித்தால்தான் பணம் என்று வைத்திருந்த விதியை 2018இல் நீக்கியது, இடுப்பு மூட்டுக்கு 2020இல். அதே 2020இல் பகல்நேர சத்திரசிகிச்சை நிலையங்களில் முழங்கால் மாற்றவும் பணம் கொடுத்தது. அதற்கு முன், 2016இல், 67 நகரப் பகுதிகளில் இன்னொரு ஏற்பாடு வந்தது: துண்டு வெட்டி (வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விட்டு) 90 நாள் வரையான செலவுக்கும் வைத்தியசாலையே பொறுப்பு. உடனே பராமரிப்பு நிலையங்களுக்கு அனுப்புவது குறைந்தது, நேரே வீட்டுக்கு அனுப்புவது கூடியது.

நம்ம ஆட்களும் அந்த 90 நாளைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அரச வைத்தியசாலையில் கட்டிலும் சத்திரசிகிச்சையும் இலவசம். ஆனால் மூட்டுச் சாமானை வெளியே வாங்கச் சொன்னால் செலவு அதில்தான். அந்தச் செலவுக்கு உதவி கேட்டு ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். திகதி குறிக்கும் முன்னமே விசாரியுங்கள். அரச ஊழியர் காப்புறுதியான அக்ரஹார உள்ளவர்கள், தனியார் காப்புறுதி உள்ளவர்கள் கேட்க வேண்டியது: மூட்டுச் சாமானுக்குத் தனி வரம்பு உண்டா? வீட்டுக்கு வந்த பின் பிசியோதெரப்பிக்குக் கிடைக்குமா? பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வராது.

கொழும்பில் செய்தால் தையல் பிரிக்கவும் கிளினிக்குக்கும் திரும்பப் போக வேண்டும். காலை நீட்ட இடமில்லாத பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம் இருப்பது, இரத்தக் கட்டி வரக்கூடிய அந்த முதல் வாரங்களில் நல்லதல்ல. வீட்டில் குந்தும் கக்கூஸ் இருந்தால் கொமட் முதலே வேண்டும். போய்வந்த பின் மேசனைத் தேடாதீர்கள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால், சொத்தைப் பல்லில் சீழ் இருந்தால், திகதியைத் தள்ளிப் போடச் சொல்வார்கள். அதற்குக் கோபிக்க வேண்டாம். மூட்டில் கிருமி ஏறினால் சாமானையே கழற்ற நேரிடும்.

இன்னொன்று. முழங்கால் மூட்டுச் சாமான் என்பது தொடை எலும்புக்கு உலோக மூடி, கணைக்கால் எலும்பின் தலைக்கு உலோகத் தட்டு, நடுவில் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக் துண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் அளவும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து வருசத்தில் அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து வேறு ஆஸ்பத்திரியில் மாற்ற வேண்டி வந்தால், எந்தச் சாமான் என்று தெரியாமல் வைத்தியர் திண்டாடுவார்.

வீட்டுக்கு வந்த பின் காயத்தில் நீர் வடிவது நிற்காவிட்டால், கடையில் அன்ரிபயொட்டிக் வாங்கிப் போடாதீர்கள். மூட்டுத் தண்ணியை எடுத்துச் சோதிக்கும்போது கிருமி அகப்படாமல் போய்விடும். எங்கே மாற்றியிருந்தாலும், முதலில் சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்கு ஒரு அழைப்பு. தூரமென்றால் கிளினிக் கொப்பியோடு கிட்டடியில் உள்ள என்பியல் (எலும்பு வைத்திய) பிரிவுக்கு.